போத்தல்ல நீங்க கொண்டுபோனது எங்கட ஓடைத் தண்ணி இல்ல, சேர்

தண்ணி சாம்பிள் எடுக்க வந்த சுற்றாடல் அதிகாரிகளுக்கும், குவாரிக்கு லைசன் குடுக்கிறவங்களுக்கும், இதுல ஒரு கொப்பி போற பிரதேச செயலாளருக்கும்,

கல்லுக் குவாரித் தண்ணியால எங்கட ஓடை பழுதாகுது எண்டு நாங்க குடுத்த முறைப்பாட்டுக்கு உங்கட பதில் போன வெள்ளிக்கிழமை ஜீஎஸ் (கிராம சேவகர்) ஒபிசுக்கு வந்து எங்கட கைக்கு கிடைச்சது. ஒரே ஒரு பக்கம், அதுவும் இங்கிலீசில. ஏஎல் (உயர்தரம்) படிக்கிற என்ட மருமகள்தான் வாசிச்சுச் சொன்னாள். ஓடைத் தண்ணிய பரிசோதிச்சதுல எல்லாம் வரம்புக்குள்ளதான் இரிக்காம், அதால முறைப்பாட்ட மூடிட்டீங்களாம். வாசிச்சு முடிச்சிட்டு "அப்ப நம்மட தண்ணி நல்லதா மாமி" எண்டு கேட்டாள். நான் ஒண்டும் சொல்லல்ல, குசினி யன்னல்ல வச்சிருந்த கிளாசத் தூக்கிக் காட்டினன். முதல் நாள் பின்னேரம் குவாரித் தண்ணி தேங்கிற கிடங்குக் கட்டுக்கு கீழ ஊறுற இடத்துல பிடிச்ச தண்ணி அது, பிடிக்கக்குள்ள கண்ணாடி மாதிரி இருந்தது, விடிய எழும்பிப் பாத்தா கிளாசுக்கு அடியில துரு நிறத்துல ஒரு வளையம் கட்டியிருந்தது, விரலால தேச்சாலும் லேசில போகல்ல.

அந்த செவ்வாய்க்கிழம நீங்க வரக்குள்ள நான் பாலத்தடியில உடுப்புத் தோய்ச்சிட்டு நிண்டன், அதால நான் சொல்றது ஆரும் சொல்லிக் கேட்ட கத இல்ல. காலம்பற பதினொண்டுக்கு கிட்ட வெள்ள டபுள் கெப் ஒண்டு வந்து நிண்டது, ரெண்டு ஒபிசர், ஒரு ரைவர். ஒரு சேர் போனோட அங்கால நிழலுக்கு போயிட்டார். மத்த சேர் கெப்புக்குள்ள கிடந்த ஒண்டரை லீட்டர் தண்ணிப் போத்தல எடுத்து, கடையில விக்கிற போத்தல்தான், நீல மூடி, அதுல மிச்சம் கிடந்தத குடிச்சு முடிச்சிட்டு, பாலத்துக்கு கீழ குனிஞ்சு அதுலயே நிரப்பினார். ஒருக்கா கூட அலசல்ல. எந்த இடம் எத்தனை மணி எண்டு போத்தல்ல ஒண்டும் எழுதல்ல. நிரப்பினத டாஷ்போட்ல வெயில் படுற பக்கமா வச்சார். குவாரி எந்தப் பக்கம் எண்டு கேட்டீங்க, கைய நீட்டிக் காட்டினன், பாதை சரியில்லயே எண்டு சொல்லிட்டு ஏ5 ரோட்டுக்கு கிறுகிட்டீங்க. எல்லாமா பத்து நிமிசம் வராது.

நான் பெரிய படிப்பு படிச்சவள் இல்ல. ஆனா எங்கட கிராம குடிநீர் திட்டத்துல ஆறு வருசம் பம்பும் பாத்து மீட்டரும் எழுதினனான், மாசத்துக்கு ஒருக்கா சாம்பிள் எடுத்து பஸ்ஸில டவுண் லேபுக்கு கொண்டு போறதும் என்ட வேலதான். அதுல படிச்சது எனக்கு மறக்காது. ரசாயனம் பாக்கிற போத்தல எந்தத் தண்ணி எடுக்கப் போறமோ அந்தத் தண்ணியாலயே மூண்டு தரம் அலசோணும், கிருமி பாக்கிற போத்தல் எண்டா அலசவே கூடா, அது அவிச்சு மூடி வாறது. எண்ணெய் பாக்கிறதுக்கு கண்ணாடிப் போத்தல், பிளாஸ்டிக் எண்டா எண்ணெய் சுவர்ல ஒட்டிரும். இரும்பு மாதிரி உலோகம் பாக்கிறதுக்கு போத்தல்ல நைத்திரிக் அமிலம் விடோணும், விடாட்டி உலோகம் அடியில படிஞ்சிரும், மேல நிக்கிற தெளிவ ஊத்திப் பாத்துட்டு ஒண்டுமில்ல எண்டு எழுதுவாங்க. என்ட யன்னல்ல இரிக்கிற கிளாஸ் காட்டுறதும் அதத்தான். பீஎச்ச (தண்ணியிட அமில காரத் தன்மைய) அந்த இடத்திலயே பாக்கோணும். மிச்சமெல்லாம் ஐஸ் பெட்டிக்குள்ள. ஒருக்கா பஸ் பிரேக் டவுணாகி ஐஸ் கரைஞ்சு நான் போய்ச் சேர பின்னேரமாப் போச்சு, லேபில இருந்த மிஸ் என்ட கண்ணுக்கு முன்னாலயே போத்தல சிங்கில ஊத்திட்டு, நாளைக்கு புதுசா எடுத்துட்டு வாங்க அக்கா எண்டு அனுப்பிட்டா. அண்டைக்கு எனக்கு சரியான கோவம். இண்டைக்கு அந்தப் பிள்ளைய நினைச்சா கும்பிடலாம் போல இரிக்கு.

போத்தல விடுவம். நீங்க எடுத்த இடம்தான் பெரிய பிழை. குவாரியில இருந்து பாலத்துக்கு ஒண்டரை கிலோமீற்றர் இரிக்கும். அதுக்கு இடையில குளத்துல இருந்து வயலுக்கு போன தண்ணி வடிச்சல் வாய்க்காலால வந்து ஓடைக்குள்ள விழுது. நீங்க வந்த நாள் சிறுபோகத்துக்கு (கோடை வெள்ளாமைக்கு) குளம் திறந்து மூண்டாம் நாள், வாய்க்கால் முட்டிப் பாஞ்சுட்டு இருந்தது, வயலுக்கு தண்ணி பங்கிடுற வட்டவிதானையிட்ட கேட்டா தேதி சொல்லுவார். ஆக நீங்க போத்தல்ல கொண்டுபோனது குளத்துத் தண்ணி. குளத்துத் தண்ணி நல்லம் எண்டு எங்களுக்கும் தெரியும் சேர், அதுக்கு லேப் தேவையில்ல. இன்னொண்டு, குவாரிக் குழியில இருந்து தண்ணி இறைக்கிற பம்ப் இரவு பகலா ஓடுறது, அந்த ஞாயிற்றுக்கிழம பின்னேரம் சத்தம் நிண்டது, நீங்க வந்துட்டுப் போய் புதன்கிழம விடியத்தான் திருப்பிக் கேட்டது. நீங்க வாறது அந்த பம்புக்கு எப்படித் தெரிஞ்சது எண்டு நான் கேக்க வரல்ல, தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான்.

இனி நீங்க போகாத இடத்தப் பத்தி சொல்றன். குவாரிக் குழி இப்ப நல்ல ஆழம், நிலத்தடித் தண்ணி மட்டத்துக்கு கீழ போயிட்டு, அதால கோடையிலயும் ஊத்து எடுக்கும். அந்தத் தண்ணிய பம்பால இறைச்சு அங்கால ஒரு கிடங்குக்குள்ள விடுறாங்க. அந்தக் கிடங்குக்கு கட்டு போட்டது கொங்கிறீட்டால இல்ல, களி கூட இல்ல, கிரசர்ல விழுற தூளையும் கழிவுக் கல்லையும் டோசரால தள்ளி குவிச்சது. தூளுக்குள்ளால தண்ணி நிக்குமா? கட்டுக்கு கீழ மூண்டு இடத்துல ஊறுது. நடுவுல இரிக்கிறதுதான் பெரிசு, மருத மர வேரடியில இருந்து வருது. அந்த இடம் முழுக்க செம்மஞ்சள் சேறு, காலை வச்சா கணுக்கால் வரைக்கும் போகும், கல்லெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி. தண்ணிக்கு மேல வானவில் மாதிரி ஒரு படலம் மிதக்கும், சனம் அத டீசல் டீசல் எண்டு சொல்லுது, நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சன். மறுகா ஒரு குச்சிய எடுத்து கிண்டிப் பாத்தன், படலம் கண்ணாடி உடையிற மாதிரி துண்டு துண்டா பிரிஞ்சு அப்படியே நிண்டது. டீசல் எண்டா திருப்பி ஒண்டாச் சேரும், இது சேரல்ல, அப்ப அது இரும்ப தின்னுற பக்டீரியாட படலம். அதால டீசல் எண்டு நான் பழி போடல்ல, கண்டதத்தான் எழுதுறன். அதே கண்ணாலதான் மேற்குப் பக்க ஊத்தில வேற படலம் ஒண்டையும் கண்டன், குச்சி போட்டு கிண்டினா திருப்பித் திருப்பி ஒட்டுது. அதையும் வந்து பாருங்க.

பெரிய ஊத்து எவ்வளவு வருது எண்டு அளந்தன். ஒரு கமுகம் மட்டைய வேரடியில செருகி தண்ணி அதால விழுற மாதிரி வச்சு, 20 லீட்டர் பெயின்ற் வாளிய கீழ பிடிச்சன், மருமகள் போன்ல நேரம் பாத்தாள், 40 செக்கன்ல நிரம்பிச்சு. நாலு தரம் பாத்தம், ரெண்டு மூண்டு செக்கன் முன்ன பின்னதான். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 43,000 லீட்டருக்கு மேல. 6,000 லீட்டர் பவுசர் எண்டா ஏழு பவுசர். எங்கட ஊருக்கு குடிக்கிற தண்ணி கொண்டு வாற பவுசர் கிழமைக்கு ரெண்டு தரம்தான் வரும், அதுவும் ரோட் நனைஞ்சா வராது. மட்டக்களப்பு டவுணுல டேப்பத் திறந்தா உன்னிச்சைக் குளத்துத் தண்ணி சுத்திகரிச்சு வருது, வாவிக்கு மேற்கால எங்கட படுவான்கரையில குளத்துக்கு பக்கத்துல இரிக்கிற சனம் பவுசருக்கு குடத்த வரிசையில வச்சிட்டு காவல் நிக்குது. இதச் சொன்னா அரசியல் எண்டுவாங்க, விடுவம்.

குடிக்கிறதுக்கு மட்டும் இல்ல. கோடையில ஓடை மணல்ல பூவல் தோண்டி அள்ளுறது எங்கட பழக்கம், என்ட அம்மம்மா காலத்துல இருந்தே. ஒரு முழம் தோண்டினா தெளிவா ஊறி வரும். இப்ப பாலத்துக்கு மேல எங்க தோண்டினாலும் பால் கலந்த மாதிரி வருது, கல்லுத் தூள். ஒரு இரவு குடத்துல வச்சாலும் தெளியாது, அவ்வளவு நொய். பட்டிக்காரர் ரெண்டு பேர் மாட்ட அங்கால ஓட்டிட்டு போயிட்டாங்க, தயிர்ச்சட்டிக்கு பேர்போன இடம் இது, இப்ப விடிய மாட்டு மணிச் சத்தம் கேக்கிறதில்ல. கிட்னி வருத்தம் இதாலதான் வருது எண்டு ஊருக்குள்ள கதைக்கிறாங்க, அத நான் இந்தக் கடிதத்துல எழுத மாட்டன், எனக்கு அதுக்கு சாட்சி இல்ல. சாட்சி இருக்கிறத எழுதவே பக்கம் காணாது.

எனக்கு உண்மையான பயம் நைத்திரேற்று. பாறையில துளை போட்டு நிரப்புற வெடிமருந்துல கூடுதலா பாவிக்கிறது அமோனியம் நைத்திரேற்றுல டீசல் கலந்தது. ஈரத்துல நனைஞ்சு வெடிக்காமப் போனது, துளை வாயில சிந்தினது எல்லாம் குழித் தண்ணியில கரையும், அப்படிக் கரைஞ்சா அதுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல. வெடிமருந்து எண்டா என்னெண்டு எங்கட பக்கத்துச் சனத்துக்கு படிப்பிக்கத் தேவையில்ல, 2010 செப்டம்பர் 17 கரடியனாறுல ரோட்டு வேலைக்கு வச்சிருந்த மருந்து கண்டெய்னர் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தத கண்டவங்க நாங்க. ஆனா வெடிக்காத மருந்தும் ஆபத்து எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லல்ல. குடிதண்ணிக்கு எங்கட நாட்டுத் தரம் எஸ்எல்எஸ் 614, அதுல நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டக் கூடா. தாண்டின தண்ணியில ஆறு மாசத்துக்கு குறைஞ்ச பிள்ளைக்கு மாப்பால் கரைச்சுக் குடுத்தா பிள்ளையிட ரத்தம் ஒட்சிசன் காவ ஏலாம உடம்பு நீலம் பாரிக்கும். எங்கட ஒழுங்கையிலயே கைப்பிள்ளை ரெண்டு இரிக்கு. கூட்டத்துல இதக் கேக்கக்குள்ள ஒரு ஐயா எழும்பி, கொதிக்க வச்சுக் குடிங்க எண்டு சொன்னார். கிருமி எண்டா சரி. நைத்திரேற்று கொதிச்சா போகாது ஐயா, தண்ணிதான் ஆவியாப் போகும், மிஞ்சுறதுல அது இன்னும் கூடும்.

டவுணுல மீன் தொட்டி விக்கிற கடையில தண்ணியில நைத்திரேற்று ரெஸ்ட் பண்ணுற பட்டி கிடைக்கும், நனைச்சா நிறம் மாறுறது. அதுல ஒரு டப்பா வாங்கினன். குவாரிக்கு மேல, காட்டுக்குள்ளால ஓடை இறங்கி வாற இடத்துல நனைச்சா வெள்ளையாவே இருந்தது. பெரிய ஊத்துல நனைச்சா ஒரு நிமிசத்துல ரோஸ் நிறம், டப்பாவில 50க்கும் 100க்கும் நடுவுல. எங்கட கிணத்துல 25க்கு கிட்ட. மீன் தொட்டிப் பட்டி கோட்டுல சாட்சியாகாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா மேல வெள்ள, கீழ ரோஸ், இடையில இரிக்கிறது குவாரி மட்டும். வயலுக்கு போடுற யூரியாவாலதான் எண்டு நீங்க சொல்ல ஏலாது, ஏனெண்டா ஊத்துக்கு மேல ஒரு வரம்பு வயல் கூட இல்ல, எல்லாம் காடு. உங்கட ரிப்போட்டுல நாலே நாலு வரி இரிக்கு, நாலுலயும் நைத்திரேற்று இல்ல, அமோனியா இல்ல, எண்ணெய் இல்ல, இரும்பு இல்ல. தேடாத சாமான் எப்படி சேர் கிடைக்கும்?

குவாரி மெனேஜர் சொல்றது வேற கத. நாங்க ஓடைக்கு தண்ணி விடல்ல, குழாயே போடல்ல, அது தானா ஊறுது எண்டு. குழாயால வந்தாத்தான் கழிவா? தொழிற்சால கழிவுத் தண்ணிக்கு 2008ல வர்த்தமானியில வந்த தரத்த மருமகள் போன்ல எடுத்து வாசிச்சாள், ஓடை ஆறு குளத்துக்கு விடுற தண்ணியில மிதக்கிற தூள் லீட்டருக்கு 50 மில்லிகிராம், எண்ணெயும் கிறீசும் 10, பீஎச் 6க்கும் 8.5க்கும் நடுவுல. அதுக்கு கீழ ஒரு குறிப்பு இரிக்கு, நீங்க அத எங்கள விட நல்லா அறிவீங்க. அந்த அளவெல்லாம் போய் விழுற ஓடையில குறைஞ்சது எட்டு மடங்கு நல்ல தண்ணி இருந்தாத்தானாம், எட்டுக்கு குறைஞ்சா வரம்பும் அதே கணக்குல குறையுமாம். ஆவணியில மேல இருந்து வாற ஓடைத் தண்ணி இந்த ஊத்துத் தண்ணியில ரெண்டு மடங்கு கூட வராது. ரெண்டு மடங்கு எண்டே வைப்பம், அப்ப 50 எண்டது 12.5. அந்தப் பால் தண்ணி 12.5க்குள்ள நிக்கும் எண்டு உங்கள்ல ஆராவது கையெழுத்து வச்சுத் தருவீங்களா? நீங்க எடுத்த இடத்துல குளத்துத் தண்ணி கலந்து இருபது முப்பது மடங்கு இருந்திருக்கும். அங்க எது எடுத்தாலும் பாஸ்தான்.

குவாரிய மூடச் சொல்லி நான் எழுதல்ல, அதையும் சொல்லிப் போடோணும். எங்கட ஊர்ப் பொடியன்மார் பதினொரு பேர் அங்க வேலை, என்ட தம்பியிட மகனும் கிரசர்லதான் நிக்கிறான், இந்தக் கடிதத்தால அவனுக்கு என்ன வருமோ எண்டு மச்சாள் ரெண்டு நாளா என்னோட கதைக்கிறா இல்ல. ரோட்டுக்கும் வீட்டுக்கும் கல் தேவை, அத ஆரும் இல்லையெண்டல்ல. 2018ல புல்லுமலையில தண்ணிப் போத்தல் பக்டரி வரப்போகுதெண்டு முழு மாவட்டமும் கடை அடைச்சது, அண்டைக்கு நிலத்தடித் தண்ணிய அள்ளிட்டுப் போயிருவாங்க எண்டு பயம். இண்டைக்கு இரிக்கிற தண்ணிய பழுதாக்கிட்டு இரிக்காங்க, அதுக்கு ஒரு கடை கூட அடைபடல்ல, ஒதுக்குப்புறத்துல நடக்கிறது ஆருக்கு விளங்கும். சுற்றாடல் சட்டம் 1980ல வந்தது, சுரங்கச் சட்டம் 1992ல வந்தது, ரெண்டுலயும் லைசன் எண்டா நிபந்தனையோட குடுக்கிறதுதான். அந்த நிபந்தனையில கிடங்குக் கட்ட தூளால கட்டலாம் எண்டு எழுதியிருக்கா?

அதால நாங்க கேக்கிறது இதுதான். முறைப்பாட்ட மூடின கடிதத்த முதல்ல வாபஸ் எடுங்க, இல்லாத சாம்பிள வச்சு மூட ஏலாது. மறுகா திருப்பி வாங்க, குவாரிக்கு சொல்லாம வாங்க, பம்ப் ஓடுற நாள்ல, குளம் பூட்டின பிறகு, மாரி பிறக்க முதல். முதல் மழைக்கு இன்னொருக்கா வாங்க, ஏனெண்டா வருசம் முழுக்க படிஞ்ச தூள் அண்டைக்குத்தான் அள்ளுண்டு வாறது. அஞ்சு இடத்துல எடுங்க: குவாரிக்கு மேல காட்டோரம், மருத மரத்தடி ஊத்து, மேற்குப் பக்க ஊத்து, வடிச்சல் வாய்க்கால் சேர முதல் ஓடையில, கடைசியா எங்கட பொதுக்கிணறு. நைத்திரேற்று, அமோனியா, மிதக்கிற தூள், எண்ணெயும் கிறீசும், இரும்பு, மங்கனீசு, ஈயம், ஆசனிக்கு இத்தனையும் பாக்கச் சொல்லி லேபுக்கு எழுதுங்க. ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு போத்தல் எடுத்து சீல் வச்சு, ரெண்டுலயும் எங்கட கமக்கார (விவசாயிகள்) அமைப்பு ஆள் ஒருத்தரிட கையெழுத்தும் வாங்கி, ஒண்ட எங்களுக்குத் தாங்க, நாங்க எங்கட காசுல வேற லேபில பாப்பம், ஆளுக்கு 200 ரூவா சேத்து வச்சிரிக்கம். ரிசல்ட் தமிழ்ல வரோணும், ஜீஎஸ் ஒபிஸ் போட்டுல ஒட்டோணும். ரிசல்ட் வாற வரைக்கும் கைப்பிள்ளை இரிக்கிற வீட்டுக்காவது பவுசர் தினம் வரோணும், இது பிரதேச செயலாளருக்கு. லைசன் குடுத்தவங்க அந்தக் கிடங்குக் கட்ட வந்து பாத்து, களியோ கொங்கிறீட்டோ போட்டு ஊறாமக் கட்டும் வரைக்கும் இறைக்கிறத நிப்பாட்டோணும். லைசன் கொப்பியையும், நீங்க கொண்டுபோன அந்த நீல மூடிப் போத்தல லேப் எப்ப கையேத்தது எண்ட பதிவையும், 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவலறியும் சட்டத்துல கேட்டு விண்ணப்பம் எழுதியாச்சு, திங்கக்கிழம நேர்ல வந்து தருவன். 14 வேலை நாளைக்குள்ள பதில் சொல்லோணும் எண்டது உங்களுக்குத் தெரியும்.

வரக்குள்ள பாலத்தடியில நிக்காதீங்க. பாலத்துக்கு முன்னால இடக்கைப் பக்கம் உழவு மெசின் போற பாதை ஒண்டு இரிக்கு, கெப் தாராளமா வரும். கடைசி வளவு எங்கடது, கூப்பிட்டா வருவன். அங்கால நடைதான், சேறு, சப்பாத்து வேணாம், பூட்ஸ் போட்டுட்டு வாங்க. போத்தலும் ஐஸும் நீங்க கொண்டு வரோணும். வாளி என்னட்ட இரிக்கு.